மூன்றாம் தளத்தின் முதல்வன்

“எங்கடை கழக வரலாற்றிலை மூண்டாம் தளத்திலை நாலு பேர் நிண்டிருக்கினம், மிஸ். அதிலை மூண்டு பேரை எண்ணாமலே விடலாம்” என்றான் பிரதாபன்.

மாங்குளம் மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார் விளையாட்டு உத்தியோகத்தர் தாட்சாயினி. தேசிய பேஸ்போல் அணித் தெரிவுக்கு, ‘தேர்ட் பேஸ்’ எனப்படும் மூன்றாம் தளத்தில் காவல் நிற்கக்கூடிய ஒருவரை இந்தக் கழகத்திலிருந்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அது தானாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அணித்தலைவன் பிரதாபன் புதுச் சப்பாத்துப் போட்டு வந்திருந்தான்.

“பரவாயில்லை, எல்லாரையும் வரிசைப்படுத்திச் சொல்லுங்கோ.”

“கடைசி இடம் சுதாகரனுக்கு. உச்சி வெயில், பந்து நேரை அவனிட்டை வருது. இவர் கையாலை கண்ணை மறைச்சுக்கொண்டு, கப்பல் வருதோ எண்டு பாக்கிறார்.”

புல்லில் குந்தியிருந்த சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவனுக்கு மேலை தர்ஷன். வானம் இருட்டிக்கொண்டு வருது, எதிரணி ஓமந்தைக்காரன் ஓடி வாறான். இவர் பந்தைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, ஆருக்கு எறியிறதெண்டு என்னட்டைக் கேக்கிறார். நான் சொல்லி முடிக்கேக்கை அவன் ஓட்டம் எடுத்துத் தண்ணியும் குடிச்சிட்டான்.”

தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இரண்டாம் இடம் இந்த அனிஸ்ரன். பந்தோடை போய் ஓடுறவனைத் தொடடா எண்டால், முதுகைப் பாத்து எறிஞ்சான். வானம் இடிச்சதோ, முதுகு இடிச்சதோ எண்டு அம்பயருக்கே விளங்கேல்லை.”

“எங்கடை ஊர் எல்லே விளையாட்டிலை அப்பிடித்தானே அண்ணை அவுட்டாக்கிறது?” என்றான் அனிஸ்ரன்.

“இது எல்லே இல்லையடா, பேஸ்போல்! முல்லைத்தீவுக் கடலிலை வலை எறிஞ்சுகொண்டிருந்தவனிட்டைக் கையுறையைக் குடுத்தது என்ரை பிழை.”

“அப்ப முதலாம் இடம்?”

பிரதாபன் தொண்டையைச் செருமினான். “என்ரை வாயாலை சொல்லக்கூடாது, மிஸ். நான் நிக்கேக்கை ஒரு பந்தும் என்னைத் தாண்டிப் போகேல்லை, ஒருத்தனும் ஓட்டம் எடுக்கேல்லை. அமெரிக்காவிலை பெரிய பேர் எடுத்தவையும் அந்த இடத்திலை பிழை விட்டவைதான். நான் ஒண்டும் விடேல்லை.”

தாட்சாயினி நிமிர்ந்து இருந்தார். “ஒரு பிழையும் இல்லையோ! எத்தினை மட்சிலை நிண்டனீங்கள்?”

பிரதாபன் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான். அனிஸ்ரன் புல்லைத் தட்டிவிட்டு எழும்பினான்.

“நாங்கள் விளையாடினதே ஒரு மட்ச்தான், மிஸ். அண்ணை போய் நிண்ட உடனை மழை வந்து ஆட்டம் நிண்டுபோச்சு.”