ரத்தம் சுத்தம்

விடுதலையன்று சிறைவாசலில் தட்டு, போர்வையோடு இன்னாசியின் பின்கழுத்திலிருந்த போதைத்தடுப்பு வில்லையையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது கைதிகளுக்கு மட்டும்தானாம். மாலைக்குள் அவனுக்குப் பழைய போதை ஆசை திரும்பத் தொடங்கியது. மனைவி பிலோமினா அவனை மறுவாழ்வு மையத்துக்கு இழுத்துப் போனாள். வாசல் இயந்திரம் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கதவைத் திறக்க மறுத்தது.

“ரத்தம் சுத்தமா இருக்கும்மா. உள்ள போதை இருந்தாத்தான் புது வில்லை வைக்கும்,” என்றார் காவலாளி, கொட்டாவி விட்டபடி. “எதிர்ல பெட்டிக்கடை இருக்கு. ஒண்ணு போட வச்சுக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க.”

அவள் அவனை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். கடைக்காரன் எதுவும் கேட்காமலே போதை மாத்திரையை நீட்டினான்.

“வேணாம் பிலோமி,” என்றான் இன்னாசி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கத் தவம் கிடந்த சொல் அது. அவன் தாடையை அழுத்திப் பிடித்து வாயைத் திறந்தாள்.