மோட்டார் ஓடிய சாயங்காலம்

நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போது இல்லை. முதலில் வயலில் தண்ணீர் வடியட்டும்.

நான் ஒரு தவளை. யார் குரலும் எனக்கு வரும். நெருக்கி நட்ட நெல்லின் அடித்தூரில், நிழலும் ஈரமுமாக இருந்த இடத்தில், பயிரைக் காயவைக்கும் புகையான் பூச்சி அக்கா தாளின் சாறு குடித்துச் சொக்கிக் கிடந்தாள். வயிறு நிறைய முட்டை. ஈரம் இல்லாவிட்டால் முட்டை பிழைக்காது. அதனால்தான் வயல்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வடிகாலைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் வடிவது தெரிந்தால் அக்கா காற்றில் ஏறிப் பக்கத்து வயலின் இளம்பயிருக்குப் போய்விடுவாள். காற்று அடங்கும்வரை அவளை இங்கேயே பிடித்துவைக்க வேண்டும்.

நான் தொண்டையை உப்பிக்கொண்டு, "டர்ர்ர்ர்" என்று மோட்டாராக ஓடினேன்.

"தண்ணி பாயுதாடா, தம்பி?" வயல்காரர்தான் மோட்டார் போட்டார் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே அவரைக் கேட்டாள்.

"வரப்பு முட்டப் பாயுது!" என்றேன், அச்சு அசலாக வயல்காரர் குரலில்.

பொன்வெயில் தாள்களுக்குள் மிதந்தது. காற்று நெல்லை மெல்ல ஆட்டியது. "மேகத்துல படுத்தாப்ல இருக்கு," என்று முனகினாள். கீழே தண்ணீர் சத்தமில்லாமல் நழுவிப்போய்ச் சேறு தெரிந்தது. காற்றும் நின்றது.

அந்த நேரம் பார்த்து என் மூக்குக்கு நேரே ஒரு கொசு. லபக்! மோட்டார் நின்றது. ஒரு ஏப்பம் விட்டுவிட்டு மறுபடி ஓடியது.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். சேற்றைப் பார்த்தாள். சிறகை விரித்தாள், ஏறிப்போகக் காற்றில்லை.

"எலேய்," என்றாள், "எந்த ஊரு மோட்டாருடா ஏப்பம் விடும்?"