நித்யா அவசரப்பட்ட ஆட்டம்

"டிரா பண்ணிக்கிடுவோமா?" என்று பலகைக்கு மேலாகக் குனிந்து மெல்லக் கேட்டார் ஸ்ரீவிஷ்ணு.

நித்யா தலையாட்டி மறுத்தாள்.

பாளையங்கோட்டையில் நடந்த சர்வதேச செஸ் போட்டியின் கடைசிச் சுற்று அது. ஸ்ரீவிஷ்ணு கிராண்ட்மாஸ்டர். நித்யா மணிமுத்தாற்றுக்காரி, இருபத்தெட்டு வயது. சர்வதேச மாஸ்டர் பட்டம் கைக்கு வர அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி வேண்டும். டிரா போதாது.

இருபத்திரண்டு நகர்த்தல் முடிந்திருந்தது. வெள்ளைக் காய் அவளுக்கு. கையும் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. சிப்பாய்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எதிராளிக்கு மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கினால் அறுபது எழுபது நகர்த்தலில் ஆட்டம் கனிந்துவிடும். சாயங்காலம் ஆகும், அவ்வளவுதான்.

பதினைந்து வருடமாக அவள் அப்படித்தான் ஆடிவந்தாள். "நித்யா ஆட்டமா? பைய சாப்பிட்டுட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்று ஜில்லாவில் கேலி பேசுவார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

அவள் பிஷப்பை எடுத்தாள். ஸ்ரீவிஷ்ணுவின் ராஜாவுக்குக் காவலாக நின்ற சிப்பாயை வெட்டி அந்தக் கட்டத்தில் வைத்தாள்.

செக்.

ஒரு சிப்பாய்க்கு ஒரு பிஷப். ஸ்ரீவிஷ்ணு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்துப் பலகையில் ஆடிக்கொண்டிருந்த அஃப்சல் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து நின்றார்.

ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரை பாய்ந்து மறுபடியும் செக் சொன்னது.

ராஜா பின்வாங்கினால் என்ன செய்வது என்று நித்யா கடைசிவரை பார்த்து வைத்திருந்தாள். முன்னால் ஏறி வந்தால்? ஐந்து நகர்த்தல் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

இருபது நிமிடம் யோசித்துவிட்டு ஸ்ரீவிஷ்ணு ராஜாவை முன்னால் ஏற்றினார்.

அவள் ராணியைக் கொண்டுவந்தாள். மூன்று நகர்த்தல் கழித்து ஒரு யானையையும் கொடுத்தாள். இனி அந்த ராஜா தப்பினால் ஆட்டம் போச்சு, பட்டமும் போச்சு. மறுபடி இந்த இடத்துக்கு வர எத்தனை வருடமோ.

பிறகு ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். செக் இல்லை, வெட்டும் இல்லை. சும்மா ஒரு சிப்பாய்.

ஸ்ரீவிஷ்ணு கன்னத்தில் கைவைத்துப் பலகையையே பார்த்தார். ஆட்டக் கடிகாரத்தில் அவருக்கு நான்கு நிமிடம்தான் மிச்சம். ராஜாவைச் சுற்றிலும் அவருடைய காய்களே அடைத்துக்கொண்டு நின்றன. அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் வந்து செக் சொன்னால் போக்கிடம் இல்லை.

கையை நீட்டிவிட்டார்.

தோற்ற கோபம் அவருக்கு இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "சிப்பாயப் பைய ஏத்திக்கிட்டே வந்திருந்தா எனக்கு வழியே இல்ல. உங்க கடியாரத்துல முப்பத்தஞ்சு நிமிஷம் அப்படியே கெடக்கு. பெறகு எதுக்கு பிஷப்பத் தூக்கிக் குடுத்தீங்க?"

"நேரமாயிரும் சார்," என்றாள் நித்யா.

தாளில் கையெழுத்துப் போட்டாள். நடுவர் வாழ்த்துச் சொல்ல வருவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஆட்டம் முடிகிறவரை யாரும் வெளியே போகக்கூடாது. போனைப் பார்த்து ஏமாற்றிவிடுவார்கள் என்று அப்படி ஒரு விதி. நடுவில் ஒரு பத்து நிமிடம் போய்வரலாமா என்று காலையிலேயே அவள் நடுவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்திருந்தாள். ஆளுக்கொரு விதி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே, ஓரமாக நின்ற ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான் அவள் கணவன் பேச்சிராஜ். கங்கைகொண்டானில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவன். அவன் தோளில் கிடந்த நான்கு மாதக் குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப்போயிருந்தது.

"பாட்டில வாயிலயே வாங்க மாட்டேங்கா," என்றான். "ஒம்பது மணிக்கு நீ குடுத்ததுதான்."

நித்யாவுக்கு மார்பு பால் கட்டிக் கல்லாகியிருந்தது. ஷாலுக்கு அடியில் சுடிதார் நனைந்து ஒட்டியது. குழந்தையை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் இறங்கித் தள்ளிப் போனார். பேச்சிராஜ் வாசல் பக்கமாக முதுகைக் காட்டி மறைத்து நின்றான்.

குழந்தை வாய் வைத்தது. இரண்டு மடக்கு, மூன்று மடக்கு விழுங்கிற்று.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஏங்க," என்றாள். "ஜெயிச்சிட்டேன்."