சுருக்கம் விழாமல்

“மெதுவா, தோர்லைஃப். இது சுவர் இல்ல, என் வயிறு.”

“சுவரா இருந்தா இவ்வளவு பேசாது,” என்றார் அவர், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

பெர்கன் நகர மருத்துவமனை ஒன்றின் சிறிய அறையில் நர்ஸ் சுன்னிவா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

குட்ருனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பயணிகள் படகில் டிக்கெட் பார்ப்பவள். குடல் நோய் முற்றியதால், வயிற்றில் துவாரம் போட்டுக் குடலின் நுனியை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். கழிவு, அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது, துவாரத்தைச் சுற்றிக் கிளம்பிய நான்கு புண்கள்தான். விளிம்பெல்லாம் ஊதா நிறம். பையை மாற்றும்போது உயிர் போய் உயிர் வந்தது. புண் கசிந்ததால் பை ஒட்டவில்லை. பை ஒட்டாததால் புண் ஆறவில்லை. இரண்டு மாதமாகப் படகு பக்கமே அவள் போகவில்லை.

“இது கிருமி இல்ல,” என்று போன வாரமே சுன்னிவா சொல்லியிருந்தாள். “உங்க உடம்பே தன் தோலைத் தாக்குது. வெட்டக் கூடாது, சுரண்டக் கூடாது. கொஞ்சம் இழுபட்டாலும் பெருசாகும். டாக்டர் எழுதின ஸ்டீராய்டைத் தடவி, காயவிட்டு, சுருக்கம் விழாம ஒட்டணும். ஆறு வாரத்துல மூடலைன்னா இங்க வந்து படுத்துக்க வேண்டியதுதான். புண் கீழ்ப்பக்கம் இருக்கு, உங்க கண்ணுக்கு எட்டாது. பொறுமையான கை யாருக்காவது இருக்கா?”

குட்ருன் கொஞ்சம் யோசித்து, “ஒருத்தர் இருக்கார்,” என்றாள்.

தோர்லைஃப் நாற்பது வருடம் வீடுகளுக்குச் சுவர்த்தாள் ஒட்டியவர். அளவெடுத்தார், பையைத் தோலோடு பிடிக்கும் ஒட்டு வட்டத்தை வெட்டினார், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை.

“இந்தப் பொறுமையை இத்தனை நாள் எங்க வச்சிருந்த?” என்றாள் குட்ருன்.

“நீ ஒரு இடத்துல அசையாம இருக்கிறதையே இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுடைய சமையலறை சோபாவில் இதே வேலை, இதே வாய்ச்சண்டை.

மூன்றாம் வாரம், மூடிக்கொண்டு வந்த புண் ஒன்று மறுபடி வாய் திறந்தது. குட்ருன் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள்.

“விட்டுடு. நான் ஆஸ்பத்திரியிலேயே போய்ப் படுத்துக்கறேன்.”

அன்று தோர்லைஃப் கேலி பேசவில்லை. கையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “எனக்கு அவசரம் இல்ல,” என்றார். வெளியே மழை பெய்து ஓய்ந்தது. அப்புறம் அவளே சட்டையைத் தூக்கினாள்.

ஆறாம் வாரம் சுன்னிவா விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள். நான்கு புண்ணும் மூடி, வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது.

“திங்கட்கிழமை படகுக்குப் போகலாம், குட்ருன்.”

தோர்லைஃப் காபி வாங்கி வருவதாக வெளியே போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதை இருவருமே பார்த்தார்கள்.

“உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு,” என்றாள் சுன்னிவா, குறிப்பு எழுதிக்கொண்டே. “என் வீட்டுக்காரருக்குத் தபால்தலை ஒட்டக்கூடத் தெரியாது. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“எனக்கு ஒன்பது. அவருக்கு ஆறு.”

சுன்னிவாவின் பேனா நின்றது.

“நாங்க பிரிஞ்சு பன்னிரண்டு வருஷம் ஆச்சு,” என்றாள் குட்ருன். “என் புருஷன் எகில் கீழே கார்ல இருக்கார். புண்ணைப் பார்த்தா மயங்கி விழுந்துடுவார். தோர்லைஃப் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உன் கை வேணும்’னு கேட்டுக் கூட்டிட்டு வந்தது அவர்தான்.”