இரண்டாவது கிளாஸ்

"நானூத்தம்பது ரூபா ஒயினா? ஹரிஷ், உனக்கென்ன பைத்தியமா?" கேட்டைத் திறக்காமலேயே பல்லைக் கடித்தாள் ஜூடித்.

"நந்தி ஹில்ஸ் பக்கத்துத் திராட்சை, ஜூடித். தினமும் சாப்பாட்டோட குடிக்கிற ஒயினாம். மட்டன் குழம்புக்கு அவ்ளோ பொருத்தமா இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரு."

"எங்க டாடி ஒரு ஸ்டார் ஹோட்டல்ல முப்பது வருஷம் ஒயின் பரிமாறினவர். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அவரைக் கேட்டுத்தான் பாட்டில் திறப்பாங்க. போன மாசம் என்னைப் பொண்ணு பார்க்க வந்த க்ளென், ஏழாயிரத்துக்கு பிரெஞ்சு ஒயின் கொண்டுவந்தான். அவனையே 'யோசிச்சுச் சொல்றேன்'னு அனுப்பிட்டாரு!"

கரூரிலிருந்து வேலைக்காகத் தொம்மலூருக்கு வந்தவன் ஹரிஷ். மூன்று வருடக் காதல், சிவாஜிநகரின் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வேற்று மதம் என்று மாதக்கணக்கில் முரண்டு பிடித்துவிட்டு, "சரி, பையனைச் சாப்பிட வரச் சொல்லு" என்று இப்போதுதான் இறங்கி வந்திருந்தார் ஜூடித்தின் அப்பா ரெமிஜியஸ்.

உள்ளே போனதும் அவர் பாட்டிலை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் படித்தார். புருவம் ஏறியது.

"நம்ம ஊரு சரக்கா?"

"ஆ... ஆமா அங்கிள்."

இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, மேஜையில் ஒரு சொட்டு சிந்தாமல் நாலு கிளாஸிலும் ஊற்றினார். தன் கிளாஸை மெல்லச் சுழற்றினார். கண்ணை மூடி முகர்ந்தார்.

"சாப்பிடுங்க தம்பி," என்று குழம்பை ஊற்றினாள் ஜூடித்தின் அம்மா ஆஞ்சலா. அவன் வந்ததிலிருந்து அவள் பேசியதே அவ்வளவுதான்.

ஒரு நல்லியோடு போராடிவிட்டு ஹரிஷ் நிமிர்ந்தபோது, ரெமிஜியஸின் கிளாஸ் காலி. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மேஜைக்கடியில் ஜூடித் அவன் காலை மிதித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று ஆஞ்சலா தன் கிளாஸை நகர்த்தினாள்.

ஊற்றிவிட்டு, ரெமிஜியஸ் நாற்காலியில் சாய்ந்தார். "தம்பி, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் உங்க அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க. தேதி குறிச்சிடலாம்."

"டாடீ!" ஜூடித் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

கிளம்பும்போது கேட் வரை வந்தவரிடம் ஹரிஷ் கேட்டே விட்டான். "அங்கிள், அந்த ஒயின் நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"எனக்கென்னப்பா தெரியும்?" ரெமிஜியஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பார்ல வேலை செய்யறவன் குடிக்கவே கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே ஆஞ்சலா சத்தியம் வாங்கிட்டா. இது ஜூடித்துக்குக்கூடத் தெரியாது. பாட்டில்ல மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுவருவேன், அவ குடிச்சுப் பார்த்துச் சொல்றத மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஹோட்டல்ல ஒப்பிப்பேன். இன்னிக்கு என் கிளாஸைக் காலி பண்ணதும் அவதான்... க்ளென் கொண்டுவந்த ஒயினுக்கு அவ ரெண்டாவது கிளாஸ் கேக்கவே இல்லையே!"