ஈரம் பட்ட வில்லை

மூடியைத் திறந்தாள். ஜாடியின் அடியில் கிடந்த, ஈரம் உறிஞ்சும் மணிகள் ரோஸ் நிறத்தில் இருந்தன.

நீலமாக இருக்க வேண்டும்.

நீலம் என்றால் ஜாடிக்குள் ஈரம் இல்லை. ரோஸ் என்றால் புகுந்துவிட்டது.

மணிகளுக்கு மேலே, மெழுகுத்தாள் உறைக்குள், ஒரே ஒரு வில்லை. தபால்தலை அளவுதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். அத்தனையிலும் அவள் அடைத்து வைத்த நைட்ரிக் ஆக்சைடு வாயு. புண்ணின் மேல் வைத்தால் புண்ணின் ஈரம் துளைக்குள் போகும். வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சுருங்கிய ரத்தக்குழாய் விரியும். செத்துக்கொண்டிருக்கிற காலுக்கு ரத்தம் வரும்.

காற்றின் ஈரம் துளைக்குள் புகுந்தாலும் வாயு வெளியே வரும். காற்றோடு போய்விடும்.

மூடியின் மேல் சந்தனம். நடுவில் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை. தராசு, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு. ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கிற பவுனுத்தாய் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஜாடியையும் உள்ளே வெளியே ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

திட்டவும் வழியில்லை. ஒரு சாமானையும் விடாதீங்கக்கா என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பொரி வாங்கப் போனது இவள்தான்.

புத்தி கெட்டவள். வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

பவுனுத்தாய்க்குப் போன் போட்டாள்.

“அந்தப் பொட்டலமா? பத்திரமா எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு, அப்புறம் உள்ளயே வச்சுட்டேனேம்மா.”

“எவ்வளவு நேரம்க்கா வெளிய இருந்துச்சு?”

“அதை யாரு பாத்தா? பூசை முடியுற வரைக்கும்.”

நேற்று முழுக்க மழை வேறு. சனியன் பிடித்த மழை.

மெழுகுத்தாள் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். தடுக்காது. வில்லை நிறைந்திருந்தாலும் காலியானாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரே வழி, தண்ணீரில் போட்டுக் கருவியில் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பது. போட்டால் வில்லை அத்தோடு தீர்ந்தது. புதிதாக ஒன்று செய்ய நான்கு நாள் ஆகும்.

ஒச்சப்பனுக்கு நான்கு நாள் இல்லை.

மினிபஸ் டிரைவர். சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் தொடங்கிய கருப்பு, மூன்று வில்லை வைத்த பிறகு நின்றிருந்தது. நேற்று பாதத்தில் லேசாகச் சூடு கூட வந்தது. நான்காவதை இன்று காலை பத்து மணிக்கு வைக்க வேண்டும். சர்ஜன் கறாராகச் சொல்லியிருந்தார். மருந்து இருந்தால் காத்திருப்போம். இல்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிடுவோம். இன்றைக்கு என்றால் பாதி பாதம். ஒரு நாள் சும்மா போனால் முழங்காலுக்குக் கீழே.

வில்லையை உலர்ந்த டப்பாவில் வைத்து மூடி ஆட்டோவில் ஏறினாள்.

வழியெல்லாம் ஒரே யோசனை. பேசாமல் வைத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? வாயு பாதியாவது மிஞ்சியிருக்கும். மிஞ்சாவிட்டால்? பயமாக இருந்தது.

வார்டில் அவளைப் பார்த்ததுமே ஒச்சப்பன் போர்வையை விலக்கிக் காலை நீட்டினார்.

“ராத்திரி வெரல்ல எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சும்மா” என்றார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. இத்தனை நாளாக மரத்துக் கிடந்த விரல்.

சர்ஜன் கையுறையைக் கழற்றியபடி வந்தார். “வச்சாச்சா?”

ஒரே வார்த்தைதான். வைக்கிறேன் சார் என்றால் முடிந்தது.

“ஈரம் பட்டிருச்சு சார். வேலை செய்யுமான்னு தெரியல.”

சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சர்ஜன் ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் தன் காலைப் பார்த்தார்.

“இருபத்தோரு வருசத்துல, பிரேக் பிடிக்குமான்னு தெரியாத வண்டிய நான் எடுத்ததில்லம்மா.”

அவளைத் தேற்றுகிற மாதிரிதான் சொன்னார்.

பிறகு சர்ஜனிடம் திரும்பி, “பாதியோட போகட்டும் சார்” என்றார்.

பதினொன்றுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கதவு வரை அந்தப் பாதத்தைப் பிடித்தபடியே நடந்தாள்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது டப்பா கையிலேயே இருந்தது.

குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை. காலிதான் என்று கண்ணால் பார்த்தால் தூக்கமாவது வரும்.

உறையைப் பிரித்தாள். வில்லையைத் தண்ணீரில் போட்டாள். கருவியை முடுக்கினாள்.

கோடு படுத்தே ஓடியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். காலி. சொன்னது சரிதான். செய்தது சரிதான்.

மூன்றாவது நிமிடம் கோடு தலையைத் தூக்கியது.

எழுந்து நின்றாள். ஒயரைச் சரிபார்த்தாள். திரையைத் தட்டினாள்.

வாயு நிறைந்த வில்லைக்கு எப்படி ஏறுமோ, அப்படியே ஏறியது. அவசரமில்லாமல், ஒரே சீராக.

பன்னிரண்டரைக்கு சர்ஜனிடமிருந்து செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது. பாதியோடு நின்றது. நல்லவேளை மறைக்காமல் சொன்னீர்கள், பேஷன்டும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

படித்தாள். பதில் எழுதத் தொடங்கி அழித்தாள்.

திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது.