சாமி டிராக்டர்

ஊரடங்கில் நகரி கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. விற்காத லுங்கி மூட்டைகளோடு முடங்கியிருந்த வேதாச்சலத்திடம், சாமி ஊர்வலத்துக்கு ஓடும் அவருடைய டிராக்டரைக் கேட்டு வந்தாள் இட்லிக்கடை இந்திராணி.

“இன்னாம்மே, துன்ன வழியில்ல, ஊர்வலம் கேக்குதா? போலீஸ் வுடுவானா?”

“கேட்டுக்கினுதான் வந்தேண்ணா. வண்டி மட்டும் குடுங்க.”

டீசல்தான் தண்டம் என்று முணுமுணுத்தபடி சாவியை எறிந்தார்.

மறுநாள் காலை மேளம் கேட்டது. தெருவே கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தது, வேதாச்சலமும்தான்.

டிராக்டரில் சாமி இல்லை. காய்கறி, வளையல், இட்லிக் குண்டான் என்று கடைத்தெருவே ஏறி உட்கார்ந்திருந்தது.

“நடு எடம் உங்களுக்குத்தாண்ணா, லுங்கிய ஏத்துங்க!” என்றாள் இந்திராணி.

மூன்றாவது தெருவிலேயே எல்லாம் விற்றுக் காலி.

“அடுத்த தெருக்காரங்களுக்கு இன்னாண்ணா சொல்றது?”

“நாளைக்கு வரோம்னு சொல்லு. வண்டிய நான் ஓட்டறேன்!” என்றார் வேதாச்சலம்.